இமையளவு நடுக்கம்

மணமகளின் இமையில்தான் அவள் அதை முதலில் கண்டாள். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து, ஸ்டூடியோவின் பின்னறையில் கணினி முன் உட்கார்ந்து, முந்தைய நாள் கல்யாணப் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணமகள் தலை குனிந்து சிரிக்கும் படம். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை. முகத்தைத் திரை முழுக்கக் கொண்டுவந்தபோது ஒவ்வொரு இமை முடிக்கும் பக்கத்தில் இன்னொரு முடி, நிழல் மாதிரி, மயிரிழை தள்ளி நின்றது. மணமகள் அசைந்திருப்பாள் என்று நினைத்தாள். ஆனால் அவளுக்குப் பின்னால் இருந்த தூணின் விளிம்பும் அப்படியே இரண்டாகத் தெரிந்தது. தூண் எங்கே அசையும்?

படம் எடுத்தது அவளுடைய அண்ணன். வீடியோக்காரர்கள் எல்லாரும் அவரைக் கொக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்து கொஞ்சம் நீளம். அதைவிட, அவர் நிற்கும் விதம். கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, கூட்டம் இடித்தாலும் பிள்ளைகள் காலுக்கடியில் ஓடினாலும் அசையாமல் நிற்பார். ஒரு சிரிப்பு முடிந்து முகம் தன் நிலைக்குத் திரும்பும் அந்த ஒரு கணத்துக்காகக் காத்திருந்து ஒரே ஒரு தடவை அழுத்துவார். மற்றவர்கள் பத்துப் படம் எடுக்கும் இடத்தில் அவருக்கு ஒன்று போதும். அந்த ஒன்றில் அந்த மனிதர் முழுசாக இருப்பார்.

அவர் எடுப்பார், இவள் பார்ப்பாள். கடை ஆரம்பித்த நாளிலிருந்து அதுதான் ஏற்பாடு. கல்யாண வீட்டில் விளக்குப் பிடிப்பது, மாமாவை இடது பக்கமும் சித்தியை வலது பக்கமும் தள்ளி நிறுத்துவது, குழந்தையைச் சிரிக்கவைப்பது, பிறகு இந்த இருட்டறையில் உட்கார்ந்து தேர்ந்தெடுத்து, நிறம் சரிசெய்து, ஆல்பம் அடுக்குவது எல்லாம் இவள் வேலை. எடுத்த படத்தை அண்ணன் திரும்பிப் பார்க்கும் வழக்கமே இல்லை. "அதான் நீ பாக்கிறியே" என்பார். அதனால்தான் அவர் உடம்பில் என்னவோ நடக்கிறது என்பது, அவர் மனைவிக்கும் முன்னால், இவள் கண்ணில் விழுந்தது.

அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை. களைப்பாக இருந்திருக்கும் என்று அந்தப் படத்தை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டாள். அடுத்த கல்யாணத்தில் ஒதுக்க வேண்டியவை கூடின. அதற்கடுத்ததில் மண்டபத்து மங்கலான வெளிச்சத்தில் எடுத்தவை பாதிக்கு மேல் ஆடியிருந்தன. அந்தக் கல்யாணத்து வீடியோக்காரரிடம் போய், ஆல்பத்தில் ஒரு பக்கம் குறைகிறது என்று பொய் சொல்லி, அவருடைய படத்திலிருந்து சில காட்சிகளை வாங்கிவந்து சேர்த்தாள். பிறகு திடீரென்று ஆட்டம் நின்றுபோனது. அவளுக்கு மூச்சு வந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தாள், படங்கள் எல்லாவற்றிலும் பொடிமணல் தூவினாற்போல் புள்ளிகள். அண்ணன் கேமராவின் வேகத்தைப் பல மடங்கு கூட்டி எடுத்திருக்கிறார். கை ஆடுவதற்குள் படம் விழுந்துவிடும். அதற்கு விலை அந்தப் புள்ளிகள். புள்ளிகள் வந்தால் முகம் சுருக்கும் மனுஷன் அவர். ஆக, அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் நடுக்கத்தைப் புள்ளிகளுக்குள் ஒளித்தார். இவள் அந்தப் புள்ளிகளைத் தேய்த்து மழமழப்பாக்கி வாடிக்கையாளரிடமிருந்து ஒளித்தாள். ஒரே கூரைக்குக் கீழே, ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்துகொண்டு, ஒருவருக்கொருவர் தெரியாத மாதிரி இந்த வேலையைப் பல மாதம் செய்தார்கள்.

ஒருநாள் அண்ணி கடைக்கு வந்தபோது பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். "உங்கண்ணன் இப்பல்லாம் டீயை அரை கப்தான் ஊத்தச் சொல்றாரு. கேட்டா சர்க்கரை வந்துருமாம். உடம்பு மேல திடீர்னு அக்கறை வந்திருச்சு பாரு."

அண்ணி சிரித்தாள். இவளும் சிரித்துவைத்தாள். முழுக் கோப்பையை அவர் கையில் பிடிக்க முடியவில்லை என்பது இவளுக்கு அப்போதே புரிந்தது. அண்ணி போன பிறகு முன்னறைக்குப் போய் எட்டிப் பார்த்தாள். பாஸ்போர்ட் படத்துக்கு வந்த ஒரு பெரியவரை நீலத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து, "ஐயா, போலீஸ் பிடிச்ச மாதிரி பாக்காதீங்க, இது பாஸ்போர்ட்டுக்குத்தான்" என்று அண்ணன் வழக்கம்போல் கிண்டல் செய்துகொண்டிருந்தார். கேமரா மூன்றுகாலித் தாங்கியில் இருந்தது. பாஸ்போர்ட் படத்துக்கு ஒருநாளும் அவர் மூன்றுகாலி வைத்ததில்லை.

வெடித்தது ஒரு கல்யாணத்தில். பெரிய மண்டபம், நிறைய கூட்டம். மேடையில் மணமக்கள் மோதிரம் மாற்றிக்கொள்ளப் போகிறார்கள். எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். விளக்கைப் பிடித்துக்கொண்டு அண்ணனுக்குப் பக்கத்தில் நின்ற இவள், அவர் கையில் கேமரா துடிப்பதைப் பார்த்தாள். வார் ஆடிக்கொண்டிருந்தது. அவர் வலது முழங்கையை விலாவோடு இறுக்கிப் பார்த்தார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். மணமகன் மோதிரத்தை எடுத்துவிட்டான். அண்ணன் கண்ணிலிருந்து கேமராவை இறக்கினார்.

"பாப்பா, இதைக் கொஞ்சம் பிடி. ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்."

அவளுக்கு நாற்பது தாண்டியும் அவருக்கு அவள் பாப்பாதான். அவர் போன் சட்டைப் பையில் சத்தமில்லாமல் கிடந்தது. விளக்கை யாரோ ஒரு உறவுக்காரர் கையில் திணித்துவிட்டு அவள் கேமராவை வாங்கினாள். அது அவர் கைச்சூட்டோடு இருந்தது. என்ன எடுத்தாள், எப்படி எடுத்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. மோதிரம் விரலில் ஏறும் படம் கிடைத்தது என்பது மட்டும் தெரியும்.

எல்லாம் முடிந்து வண்டிக்கு வந்தபோது அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார். வலது கையைத் தொடைக்கடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார், அடம்பிடிக்கும் பிள்ளையைப் பிடித்துவைப்பது போல.

"எப்பத்திலேருந்து தெரியும் உனக்கு?"

"ரொம்ப நாளாச்சு. ஒரு பொண்ணோட இமையில பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். விருந்தினர்கள் சாப்பிட்டுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். "நல்ல குடும்பம்" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறு ஏதோ ஆகிவிட்டது. அவள் வண்டியைக் கிளப்பாமல் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

மருத்துவர் இளைஞர். நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொன்னார். ஒரு தாளில் வட்டம் போடச் சொன்னார். பிறகு நோயின் பெயரைச் சொன்னார். மாத்திரையால் மட்டுப்படும், மாறாது, மெதுவாகக் கூடும் என்றார். அண்ணி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "டாக்டர், கேமரா பிடிக்கலாமா?"

"ஓ, போட்டோ எடுப்பீங்களா? தாராளமா எடுங்க. ஏதாவது ஒரு பொழுதுபோக்கு இருக்கிறது மனசுக்கு ரொம்ப நல்லது."

அது பொழுதுபோக்கு இல்லை என்று அங்கே யாரும் அவரைத் திருத்தவில்லை. அண்ணன் மட்டும் நன்றி சொன்னார்.

அதன்பிறகு கேமரா இவளுடையதாயிற்று. ஒத்துக்கொண்ட கல்யாணங்களைத் தட்ட முடியாது. சனி ஞாயிறு முழுக்க மண்டபங்களிலும் மற்ற நாட்கள் கணினி முன்னாலும் போயின. எடுப்பதும் அவளே, பார்ப்பதும் அவளே. சமையலையும் மகளின் பாடங்களையும் கணவன் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டான். மகள்தான் ஒருநாள், வீட்டுக் கூடத்தில் மடிக்கணினியோடு அம்மா உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் வந்து நின்று சொன்னாள்.

"அம்மா, நீ வீட்ல இருக்கும்போதும் மத்தவங்க மூஞ்சியத்தான் பாக்கிற."

அவள் நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. எப்போது விழுந்தது என்று கேட்க வெட்கமாக இருந்தது.

இத்தனைக்கும் படங்கள் நன்றாக வரவில்லை. வாடிக்கையாளர்கள் குறை சொல்லவில்லைதான். எல்லாம் தெளிவாக இருந்தன, வெளிச்சம் சரியாக இருந்தது, யாருக்கும் தலை வெட்டுப்படவில்லை. ஆனால் அவள் எந்த இடத்தில் நின்றாலும் அது அண்ணன் நிற்கும் இடம். அவர் காத்திருப்பது போலக் காத்திருந்தாள். அவருக்கு வந்தது அவளுக்கு வரவில்லை. அவள் காத்திருப்பது தெரிந்ததும் முகங்கள் எச்சரிக்கையாகிவிட்டன. வீட்டுக்கு வந்து திரையில் பார்க்கும்போது, யாரோ ஒருவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிற்பது போல் இருந்தது.

அண்ணன் தினமும் கடைக்கு வந்தார். அவள் நாற்காலிக்குப் பின்னால் இன்னொரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்ப்பார். முன்பு ஒருபோதும் படங்களைத் திரும்பிப் பார்க்காதவர், இப்போது ஒன்று விடாமல் பார்த்தார். வாயைத் திறப்பதில்லை. அவர் கை நாற்காலியின் கம்பியில் தட்டும் மெல்லிய சத்தம் மட்டும் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒருநாள் அவளால் பொறுக்க முடியவில்லை.

"ஏதாவது சொல்லேன்."

"என்ன சொல்ல? எல்லாம் சரியாத்தான் இருக்கு." அடுத்த படமும் வந்துபோன பிறகு, "யாரோட கல்யாணம்னுதான் தெரியல" என்றார்.

அவள் எழுந்துவிட்டாள். "நான் கேட்டேனா இந்தக் கேமராவை? நீதானே கையில குடுத்துட்டுப் போன?"

"ஆமா. நான்தான் குடுத்தேன். எனக்கு வேற வழி இருந்துச்சா?"

அவர் குரல் உயர்ந்தபோது கையும் கூடவே உயர்ந்து துடித்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வடிந்துவிட்டது. அவள் கோபம் வடிந்ததைப் பார்த்ததும் அவருக்கு இன்னும் கோபம் வந்தது. செருப்பைத் தேடி மாட்ட நேரமானது. மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்கு அடுத்த கல்யாணத்துக்கு அவள் கடமைக்குப் போனாள். மேடைப் படங்கள், குடும்பப் படங்கள், நண்பர்கள் படங்கள் எல்லாம் எடுத்து முடித்தாள். கூட்டம் சாப்பாட்டுக் கூடத்துக்கு நகர்ந்தது. பேட்டரி மாற்றலாம் என்று மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறைப் பக்கம் போனாள். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் மணமகளின் அம்மா தனியாக உட்கார்ந்திருந்தாள். பளபளக்கும் சேலை, தலை நிறையப் பூ. செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு பாதத்தின் மேல் இன்னொரு பாதத்தை வைத்திருந்தாள். மடியில், காலையில் வீட்டிலிருந்து மகள் போட்டுக்கொண்டு வந்த சாதாரண உடை. வெளுத்துப்போன பருத்தி மேல்சட்டை. அதை மடித்தாள். பிரித்தாள். சட்டைக் கையின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவி மறுபடியும் மடித்தாள். அழவில்லை. மடிப்பதில் மட்டும் கவனமாக இருந்தாள், அது சரியாக அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் சரியாகிவிடும் என்பது போல.

அண்ணனாக இருந்தால் ஓசைப்படாமல் உள்ளே போய், முகம் தெரியும் இடத்தில் நின்று காத்திருப்பார். அவள் போகவில்லை. இத்தனை வருஷமும் அவள் பார்த்தது அவர் எடுத்த முகங்களை மட்டும் அல்ல. அந்தப் படங்களின் ஓரங்களையும்தான். சட்டத்தைச் சரிசெய்யும்போது அவள் வெட்டி எறிந்த ஓரங்கள். ஒரு ஓரத்தில் யாரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், ஒரு மூலையில் ஒரு கிழவர் காலி நாற்காலியோடு பேசிக்கொண்டிருப்பார். வெட்டும்போதெல்லாம் ஒரு கணம் தயங்கியிருக்கிறாள். அந்தத் தயக்கம் இன்று கதவருகில் அவளை நிறுத்திவைத்தது. அங்கிருந்தே எடுத்தாள். படத்தில் பாதி கதவு. மீதியில் ஒரு முதுகு, கொஞ்சம் பூ, அந்தச் சட்டை, ஒன்றன்மேல் ஒன்றாக இருந்த பாதங்கள். எடுத்து முடித்தபோது தன் நெஞ்சு அடித்துக்கொள்வது காதில் கேட்டது. வெகுநாளாகக் கேட்காத சத்தம் அது. அன்று வீட்டுக்குப் போய்க் கணினியைத் திறக்கவில்லை. மகளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டாள்.

மறுநாள் அண்ணன் வந்தார். சண்டையைப் பற்றி இருவருமே பேசவில்லை. அவர் வழக்கமான இடத்தில் உட்கார, அவள் படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். அந்தப் படம் வந்தபோது முதுகுக்குப் பின்னால் தட்டும் சத்தம் வேகமானது.

"நில்லு. பெருசாக்கு."

பெரிதாக்கினாள். சட்டைக் கையின் தையல் நூல்கூடத் துல்லியமாகத் தெரிந்தது. அவர் முன்னால் சாய்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"நானா இருந்தா உள்ள போயிருப்பேன்" என்றார். "போயிருந்தா அந்தம்மா என்னைப் பாத்துச் சிரிச்சிருப்பாங்க. படம் போயிருக்கும்."

அவள் சுட்டியின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"நல்லாருக்கு, பாப்பா."

சின்ன வயதிலிருந்து அவர் வாயால் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. ஆல்பத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் அடுக்கும்போது எதிர்பார்த்த வார்த்தை. இப்போது வந்துவிட்டது. வந்தபோது, கையில் இருந்த எதையோ யாரோ மெல்ல வாங்கிக்கொண்டுபோனது போல் இருந்தது. திரும்பிப் பார்த்தாள். அவர் திரையைப் பார்க்கவில்லை. நாற்காலியை எடுத்துச் சுவரோரமாக, அது முன்பு கிடந்த இடத்தில், ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து அவர் கடைக்கு வரவில்லை.

முதலில் மழை என்றார்கள். பிறகு தலைவலி என்றார்கள். ஒரு மாதம் போனபின் அண்ணி போனில் அழுதாள். "சுவத்தப் பாத்துப் படுத்துக்கிறாரு. சவரம் பண்ணிவிடறேன்னா வேணாங்கறாரு. நான் என்ன பேசினாலும் ம்ங்கறாரு. நீயாவது வந்து பாரேன்."

அவள் போனாள். அறையின் ஜன்னல் திரை மூடியிருந்தது. அவர் தாடியில் நரை எதிர்பாராத அளவுக்கு இருந்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். வியாழக்கிழமை ஏரிக்கரையில், கல்யாணம் ஆகப்போகும் ஒரு ஜோடிக்குப் படம் எடுக்க வேண்டும், நீயும் வா என்றாள்.

"நான் வந்து என்ன பண்ண?"

"ஒண்ணும் பண்ண வேணாம். வண்டியில பேச்சுத் துணைக்கு."

"ஓ. போட்டோகிராபரோட அண்ணன்னு சொல்லிக்கிட்டு வரணுமா?"

"ஆமா. இத்தனை வருஷம் போட்டோகிராபரோட தங்கச்சின்னு சொல்லிக்கிட்டுத்தானே நான் வந்தேன்?"

அவர் சுவரிலிருந்து திரும்பி அவளைப் பார்த்தார். அவளுக்கும் தான் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைத்தாள். கேட்கவில்லை. வாசலில் நின்ற அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சவரம் பண்ணணும்" என்றார் அவர், தாடியைத் தடவிக்கொண்டே.

ஏரிக்கரையில் மரத்தடியில் மடக்கு நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தாள். அந்த ஜோடி வெட்கப்பட்டுக்கொண்டே தண்ணீரோரம் நடந்தது. பெண்ணுக்குக் குதிகால் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டு வரவே இல்லை. பையன் குனிந்து இழுக்க, இருவரும் சேர்ந்து விழப்போய்ச் சிரித்த அந்த இடத்தில் அவள் எடுத்தாள். எடுத்துவிட்டுப் பழக்கத்தில் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். கூட வந்திருந்த வீடியோக்காரர் அவரிடம் போயிருந்தார்.

"என்ன கொக்கு, உக்காந்துட்ட? ரிட்டயர்டா?"

வீடியோக்காரர் கையை நீட்டினார். அண்ணன் வலது கை கால்சட்டைப் பையிலேயே இருந்தது. நீட்டிய கை நீட்டியபடியே நிற்க, கடைசியில் வெளியே எடுத்துக் கொடுத்தார். வீடியோக்காரர் முகம் ஒரு நொடி மாறியது. பிறகு அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு, புதிதாக வரும் பேட்டரிகள் எவ்வளவு மோசம், அரைமணி நேரத்துக்கு மேல் ஒன்றும் தாங்குவதில்லை என்று விலாவாரியாகப் பேச ஆரம்பித்தார். பேசி முடிக்கும்வரை கையை விடவில்லை. அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் அவர் கொஞ்சம் பேசினார். அந்தப் பெண்ணின் செருப்பைப் பற்றி. வீடியோக்காரருக்கு வயிறு வைத்துவிட்டதைப் பற்றி. "நான் பின்னாடி தள்ளி நின்னிருப்பேன்" என்று ஆரம்பித்து, "பரவால்ல, நீ நின்ன இடமும் சரிதான்" என்று முடித்தார். பிறகு பேச்சு நின்றது. ரயில்வே கேட் மூடியிருந்தது. அவள் எஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். தலை ஜன்னலோரம் சாய, வாய் லேசாகத் திறந்திருக்க, சீரான மூச்சோடு அவர் தூங்கிப்போயிருந்தார். சாயங்கால வெயில் அவர் மடியில் விழுந்துகொண்டிருந்தது. அங்கே இரண்டு கைகளும் மல்லாந்து கிடந்தன.

கேமரா பின்னிருக்கையில் இருந்தது. அவள் கை மெல்லப் பின்னால் போனது. பையின் வாரைத் தொட்டு, அங்கேயே நின்றது.

ரயில் வந்தது. தண்டவாளம் அதிர்ந்தது, வண்டியின் கண்ணாடிகள் கிடுகிடுத்தன, முன்கண்ணாடியருகே தொங்கிய சின்ன மணி விடாமல் ஆடியது, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவளுடைய இன்னொரு கைகூட அதிர்ந்தது. பெட்டிகளின் இடைவெளி வழியே வெயிலும் நிழலும் மாறி மாறி உள்ளே ஓடின. அந்த வெயிலிலும் நிழலிலும் அண்ணனின் கைகள் மட்டும், விரல் நுனிவரை, அசைவே இல்லாமல் இருந்தன.